மின்சாரக் காரும் இறக்குமதித் தீர்வையும்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே 2025ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு புதுமையைக் காண்கின்றோம். சைக்கிளிற் செல்பவர் பின்னால் யாதொரு வாகனமும் வரவில்லையென எண்ணி வலப்பக்கம் திரும்ப முயலும் வேளையில், ஓசையேதுமின்றி ஒரு கார் அவரருகே வந்து நிற்கின்றது. அதற்குப் புகைக்குழாய் இல்லை. பெற்றோல் ஊற்றும் வாயும் இல்லை. பெரும்பாலும் சீன தேசத்திலிருந்து வந்திறங்கிய மின்சாரக் கார்கள் இவை. இத்தகைய கார் ஒன்று கல்லூரி வாயிலில் நின்றபோது, அதனைச் சூழ்ந்து நின்ற உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர்: "ஐயா, புகை விடாத காருக்கும் அரசாங்கம் ஏன் இவ்வளவு வரி அறவிடுகின்றது?" நியாயமான வினா. அவ்விடத்தில் நின்றபடியே இரண்டு வசனங்களில் விடை கூற முயன்று தோற்றோம். விழா மலர்க் குழுவினர் கட்டுரையொன்று வேண்டுமென்று கேட்டபோது, அம்மாணவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க இதுவே தருணமெனத் துணிந்தோம்.

ஒரு வாகனம் எதை உண்டு ஓடவேண்டுமென்பதை அதன் சொந்தக்காரர் மாத்திரம் தீர்மானிப்பதில்லை என்பதை நம்மூர்ப் பழைய மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலே பொன்போற் காக்கப்பட்ட பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை வீதியை மூடும். பின்னால் வருபவர் மூக்கைப் பொத்துவார். அழுத்தம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் அக்கொடுமையைத் தாங்கின. புதிய எஞ்சினாயின் ஒரு வாரமும் தாங்கியிராது. அக்காலத்தில் அப்புகையைச் சுவாசித்து வளர்ந்தோர் பலர் இன்று இம்மலரை வாசிக்கின்றனர். அரசாங்கக் கட்டளையொன்று ஒரு வண்டியின் எஞ்சின் வரை சென்று அதனை மாற்றவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அது போர்க்காலத் தடை. சமாதான காலத்தில் அதே வேலையைச் செய்வது தீர்வை. இலங்கையில் கார் உற்பத்தித் தொழில் என்று சொல்லத்தக்கது இல்லை. ஓடுவன யாவும் கப்பலில் வந்தவையே. ஆகவே எத்தகைய கார் நாட்டுக்குள் வரும் என்பதைச் சுங்கப் பகுதியின் அட்டவணை தீர்மானிக்கின்றது. அரசாங்கம் காரின் எந்தக் குணத்தை அளந்து வரி விதிக்கின்றதோ, அந்தக் குணத்தைச் சுருக்கிக் கொண்டு கார்கள் வந்து சேரும். எஞ்சினின் கன அளவை நோக்கி வரி விதிக்கப்பட்ட காலத்தில், 660 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட யப்பானியச் சிறுகார்களும் 1000 கன சென்ரிமீற்றர்க் கார்களும் நம் வீதிகளை நிறைத்தன. நம் மக்களுக்குச் சிறுகார்மீது திடீரெனக் காதல் பிறந்ததென்று எவரும் சொல்லார். அட்டவணையின் படிகளுக்கேற்ப வாங்குவோர் கால்வைத்தனர்; அவ்வளவே. எனவே ஒரு நாட்டின் வாகனக் கொள்கையைப் பரிசீலிக்கும்போது நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "வரி எவ்வளவு?" என்பதன்று, "எதை அளந்து வரி?" என்பதே. அடுத்த கேள்வி, "அவ்வளவுகோல் எத்தனை ஆண்டு நிலைக்கும்?" என்பது.

இவ்விரு கேள்விகளுக்கும் நல்விடை கூறிய நாடொன்றை முதலிற் காண்போம். அது நோர்வே. அங்கும் பெருங்கார்த் தொழில் இல்லை. பிறநாட்டுக் கார்களே வருகின்றன. மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறும் நாடு அது. எண்ணெய் வளமும் உண்டு. அதனைப் பெரும்பாலும் பிறருக்கு விற்கின்றது. தான் பாவிப்பதைக் குறைத்துக்கொண்டு பிறருக்கு விற்பது எவ்வகை அறம் என்று கேட்போர் உளர். அக்கேள்வி கேட்கத்தக்கதே, எனினும் அது வேறொரு கட்டுரைக்குரியது.

நோர்வேயின் கதை சற்று வேடிக்கையாகத் தொடங்குகின்றது. 1989ஆம் ஆண்டில், 'ஆ-ஹா' என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவைச் சேர்ந்த மோட்டென் ஹார்கெட், மக்னே ஃபூருஹோல்மன் என்போர், பெலோனா என்னும் சுற்றாடல் அமைப்பின் தலைவர் பிரடெரிக் ஹௌகேயுடன் கூடி, மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றப்பட்ட சிறிய பியற் பண்டாக் கார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தனர். புகை விடாத வண்டிக்குத் தெருவரி எதற்கு என்று வாதித்து, சுங்கச் சாவடிகளிற் பணம் கொடாமலே சென்றனர். தண்டப் பணம் சேர்ந்தது, அதையும் கட்டவில்லை. அதிகாரிகள் காரைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டனர். ஏலத்தில் அக்காரை விரும்புவார் வேறு எவருமில்லை. அவர்களே சொற்பப் பணத்துக்கு மீண்டும் அதை வாங்கி, மீண்டும் பணம் கொடாமற் சென்றனர். பத்திரிகைகள் இதனைப் பெரிதாக எழுதின. இங்கு நடந்திருப்பின் கார் துருப்பிடிக்கும் வரை பொலிசு நிலைய வளவில் நின்றிருக்கும் என்பது நம் ஐயம்.

அக்குறும்பின் பயனோ, அரசியலாரின் தூரநோக்கோ, 1990ஆம் ஆண்டில் மின்சாரக் கார்களுக்குப் பதிவு வரியிலிருந்து தற்காலிக விலக்களிக்கப்பட்டது. 1996இல் அது நிரந்தரமாயிற்று. 1997இல் தெருச் சாவடிக் கட்டணமும், 1999இல் நகரசபைத் தரிப்பிடக் கட்டணமும் நீங்கின. 2001இல் நூற்றுக்கு 25 வீதமான பெறுமதி சேர் வரி முற்றாக விலக்கப்பட்டது. பின்னர் பேருந்துகளுக்கென ஒதுக்கிய பாதையிற் செல்லும் உரிமையும் வந்தது; காலை வேளையில் நெரிசலிற் காத்துநிற்கும் உத்தியோகத்தருக்கு வரிவிலக்கிலும் இது இனித்தது. இவையனைத்தும் ஒரே நாளில் வந்தவையல்ல. ஒன்றின்மேலொன்றாக, மாறிமாறி ஆண்ட கட்சிகளின் காலத்திலும், முன்னையது அழியாமல் அடுக்கப்பட்டவை.

இதிலே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இச்சலுகைகள் வந்த பின்னும் இருபது ஆண்டுகள் வரை மின்சாரக் கார்கள் அங்கே அருமையாகவே இருந்தன. 2010ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களுள் நூற்றுக்கு ஒன்றுகூட மின்சாரக் காரன்று. காரணம் எளிது: வாங்கத்தக்க கார் இல்லை. நிசான் லீஃப் முதலிய கார்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதுதான், இருபது ஆண்டுகளாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த அக்கதவினூடாக அவை உட்புகுந்தன. 2020இல் புதிய கார்களிற் பாதிக்கு மேல். 2024இல் நூற்றுக்கு ஏறத்தாழ 89. 2025இல் ஏறத்தாழ 96. வேறெந்த நாடும் இவ்வளவை எட்டவில்லை.

சலுகை ஒரு கையென்றால், மறுகையில் தண்டம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. பெற்றோல், டீசல் கார்களுக்கு அங்கே விதிக்கப்படும் பதிவு வரி, காரின் நிறையையும், அது ஒரு கிலோமீற்றருக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டின் கிராம் அளவையும், நைதரசன் ஒட்சைட்டுகளையும் கணக்கிட்டு ஏறிச்செல்கின்றது. புகை கூடிய காரை வாங்குபவர் புகையின் கிராமுக்கே பணம் கொடுக்கின்றார். இவ்வாறு அளக்கப்படுவது நாடு குறைக்க விரும்பும் பொருளாகவே இருந்தமையால், வாங்குவோர் அட்டவணையின் படிகளில் எப்படிக் கால்வைத்தாலும் நாட்டுக்கு நன்மையே விளைந்தது. 2017இல், 2025ஆம் ஆண்டுக்குள் விற்கப்படும் புதிய கார்கள் யாவும் புகையற்றனவாதல் வேண்டுமென அந்நாட்டுப் பாராளுமன்றம் குறிக்கோள் வகுத்தது. அது தடைச் சட்டமன்று. எட்டு ஆண்டுகள் முன்னதாகக் கொடுத்த அறிவித்தல். திறைசேரியின் வருமானம் மெலிந்தபோது சலுகையைச் சுருக்கவும் தொடங்கினர்: 2023 முதல் காரின் விலையில் 500,000 குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்குப் பெறுமதி சேர் வரி மீண்டும் வந்தது, நிறைக்கும் வரி வந்தது. ஆயினும் அச்சுருக்கம் பலமாதங்கள் முன்னரே அறிவிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு வந்தது, நள்ளிரவில் வரவில்லை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

வாகனப் புகையை அளக்கும் முயற்சி இங்கே இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டம் பலருக்குத் தெரிந்ததே. அச்சான்றிதழ் இல்லையேல் வருமான அனுமதிப்பத்திரம் பெறமுடியாது. பெற்றோல் வாகனமாயின் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் அளக்கப்படும். டீசல் வாகனமாயின் புகையினூடாக ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு மறைக்கப்படுகின்றதெனப் பார்ப்பர். பரிசோதனைக்கு முதல்நாள் எஞ்சினைச் சீர்செய்து, மறுநாள் பழையபடி விடும் வித்தையும் நம்மவருக்குத் தெரிந்ததே. அதனை விரித்துரைத்தல் இம்மலருக்கு அழகன்று. 2018இல், இறக்குமதியாகும் வாகனங்கள் யூரோ 4 என்னும் தரத்துக்கு அமையவேண்டுமென விதி வந்தது. அத்தரத்துக்குரிய எஞ்சின்கள் கந்தகம் குறைந்த எரிபொருளையே வேண்டுவன. ஆகவே அதே ஆண்டில் அத்தகைய பெற்றோலும் டீசலும் எரிபொருள் நிலையங்களுக்கு வந்தன; மலிவான சாதாரண டீசலோ கந்தகத்தோடு அருகிலேயே விற்கப்பட்டது. காருக்கு விதி செய்து அதன் உணவுக்கு அரைவிதி செய்தால் பயன் அரைவாசியே.

அதே 2018இல் காபன் வரி என்றொரு வரியும் வந்தது. எஞ்சினின் கன அளவையும் வாகனத்தின் வயதையும் கொண்டு ஆண்டுதோறும் அறவிடப்பட்ட சிறுவரி அது. டீசலுக்குக் கூட, பெற்றோலுக்கு அதிற் குறைய. பெயர் காபன் வரியாயினும் அது காபனை அளக்கவில்லை. நாளும் ஓடும் வாடகைக் காரும், கோயிற் திருவிழாவுக்கு மாத்திரம் கொட்டகையிலிருந்து வெளியே வரும் காரும் ஒரே அளவு கட்டின. இரண்டு ஆண்டுகளில் அவ்வரி நீக்கப்பட்டது. அதனை அறிமுகஞ் செய்த வரவுசெலவுத் திட்டமே 2040ஆம் ஆண்டுக்குள் நாட்டின் வாகனங்கள் யாவும் எண்ணெயை விட்டொழிக்க வேண்டுமென்றும் கூறியிருந்தது என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

மின்சாரக் கார்களின் வரவோ அலையும் வற்றுமாக இருந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் தீர்வை மிகக் குறைவாக இருந்தபடியால், யப்பானிற் சில ஆண்டுகள் ஓடிய நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. 2015ஆம் ஆண்டின் இறுதியில் வந்த வரவுசெலவுத் திட்டத்தோடு தீர்வை பன்மடங்காயிற்று. வரவு சட்டென நின்றது. மின்னேற்றும் நிலையங்கள் அமைக்க முதலிட்டோர் கைகளைப் பிசைந்தனர். இரண்டு ஆண்டுகள் கழிந்து 2018ஆம் ஆண்டுக்குரிய வரவுசெலவுத் திட்டம் மின்சாரக் காரின் தீர்வையைக் குறைந்தது பத்து இலட்சம் ரூபாவால் மீண்டும் தாழ்த்தியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியினால், எல்லா வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டவியலாது கைவிரித்தது. எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டன. அவ்வாண்டிலேயே, வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் வங்கியினூடாக அனுப்பும் பணத்தின் அளவுக்கேற்ப மின்சார வாகனம் தருவிக்க அனுமதி பெறலாமென ஒரு திட்டம் வந்தது. அத்திட்டத்தில் அளக்கப்பட்டது புகையுமன்று, நிறையுமன்று, டொலர். அக்கால நிலையில் அதனைக் குறைகூற நாம் துணியோம். ஆயின் அது சுற்றாடற் கொள்கையெனப் பெயர் சூடிவந்த செலாவணிக் கொள்கை என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந்திகதி தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது மாணவரின் வினாவுக்கு நேராக வரலாம். மின்சாரக் காருக்கு எஞ்சின் இல்லை. எனவே கன அளவும் இல்லை. அதற்குப் பதிலாக மோட்டாரின் வலு, கிலோவாற்றில், அளவுகோலாயிற்று. 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட வீதப்படி, 50 கிலோவாற்றுக்கு மேல் 100 வரையான புதிய காருக்கு உற்பத்தித் தீர்வை கிலோவாற்று ஒன்றுக்கு 24,100 ரூபா. 100க்கு மேல் 200 வரை 36,200 ரூபா. காரின் இறக்குமதிப் பெறுமதி 60 இலட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு நூற்றுக்கு 60 வீதம் சொகுசு வரி. இவையெல்லாவற்றின் மேலும் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரியென்பது இதுவே. பெற்றோற் காருக்குச் சொகுசு வரி 50 இலட்சத்திலேயே தொடங்கி 100 வீதமாகையால், மின்சாரக் காருக்குச் சலுகை உண்டென்பது உண்மை. "ஏன் இவ்வளவு வரி?" என்பதற்கு விடை யாதெனில், இவ்வரியின் முதல் நோக்கம் காற்றைத் தூய்மை செய்தலன்று, டொலர் வெளியேறும் வேகத்தை அடக்குதலும் திறைசேரியை நிரப்புதலுமாகும். காற்று மூன்றாமிடத்தில் நிற்கின்றது.

ஒரு சிறு கணக்கு. 100 கிலோவாற்றுக் காருக்கு உற்பத்தித் தீர்வை 24 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. 150 கிலோவாற்றாயின் 54 இலட்சத்து 30 ஆயிரம். வலு ஒன்றரை மடங்கு. வரியோ இரண்டேகால் மடங்கு. 100ஆவது கிலோவாற்றின் விளிம்பில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கின்றது. பாறை இருக்குமிடத்தில் மக்கள் அதன் ஓரத்திலேயே கூடுவர். ஒரே உருவமுள்ள கார் 100 கிலோவாற்று என்றும் வருகின்றது, 150 என்றும் வருகின்றது. மின்சார மோட்டாரின் வலுவை இரும்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை, அதனை ஆளும் மென்பொருளும் தீர்மானிக்கின்றது. எழுத்திலே மாற்றக்கூடிய ஒரு குணத்தை வரியின் அளவுகோலாக்கினால், "இது 100ஆ, 150ஆ?" என்று சுங்கப் பகுதியும் இறக்குமதியாளரும் வாதிட நேரும். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வாறே நேர்ந்தது. பெருந்தொகையான கார்கள் துறைமுகத்திலே தடுத்து வைக்கப்பட, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. யார் பக்கம் நியாயம் என்று கூறுதல் நம் வேலையன்று. ஆயின் இதையும் கவனிக்க: வலுக்கூடிய மோட்டார் அதே வேகத்திற் செல்லும்போது பெரும்பாலும் அதிக மின்சாரம் உண்பதில்லை. மின்சாரத்தை உண்பது காரின் நிறையும் வேகமும். நோர்வே நிறையை அளந்தது. நாம் வலுவை அளந்தோம். தராசிலே ஏற்றி நிறுத்தும் பொருளைப் பற்றி வழக்காடுவது கடினம்.

புகைக்குழாய் இல்லாத கார் புகையே விடுவதில்லையா? இதற்கு விடை காரில் இல்லை, நுரைச்சோலையில் இருக்கின்றது. நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 15 அலகு மின்சாரம் வேண்டும். நிலக்கரியில் ஓர் அலகு பிறப்பிக்க ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிப்படும். ஆகவே முற்றாக நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் கிலோமீற்றருக்கு 150 கிராம் வெளிவிடுகின்றது. தன் வாலிலன்று, புத்தளத்துக் கடற்கரையில். 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றர் குடிக்கும் பெற்றோற் கார், லீற்றருக்கு 2.3 கிலோகிராமாக, 138 கிராம் வெளிவிடும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! மின்சாரத்திற் பாதி நீரும் வெயிலும் காற்றும் தருவதாயின் முன்னையது பாதியாகக் குறையும். அண்மைக் காலத்தில் நம் நாட்டு நிலை ஏறக்குறைய அதுவே. யாழ்ப்பாணத்து வீதியிற் செல்வோரின் மூக்குக்கு மின்சாரக் கார் எப்போதும் நல்லது என்பதில் ஐயமில்லை. உலகின் வெப்பத்துக்கு அது எவ்வளவு நல்லது என்பது மின்னேற்றும் வேளையைப் பொறுத்தது.

இங்கே காலத்தின் விளையாட்டொன்றைக் காண்கின்றோம். லக்சபானா நீர்மின் திட்டத்தின் பெருமையைக் கேட்டு வளர்ந்த முதியோர் அறிவர்: 1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரம் பெரும்பாலும் மலைநாட்டு நீரிலிருந்தே வந்தது. அப்போது நாமும் ஒரு சிறிய நோர்வேயாக இருந்தோம். ஆனால் மின்சாரக் கார் இல்லை. நுரைச்சோலையின் மூன்றாவது இயந்திரம் 2014இல் இணைந்து, 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் முழுமையுற்றது. அடுத்த ஆண்டிலேயே லீஃப் கார்கள் வந்து குவிந்தன. தூய கார் வந்த வேளையில் மின்சாரம் கரிபடிந்துவிட்டது.

இப்போது மீண்டும் நிலை மாறுகின்றது. வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடுகள் பெருகியதால், வெயிலெறிக்கும் நண்பகலில், அதுவும் தொழிற்சாலைகள் மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில், மின்சாரம் மிஞ்சுகின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று செய்த குழப்பத்தால் நாடு முழுவதும் இருளடைந்ததை யாவரும் அறிவோம். நகைப்புக்கிடமாயினும், குரங்கு விளைத்த சிறு அதிர்ச்சியை வலையமைப்புத் தாங்காமற் போனதன் காரணம் நகைப்புக்குரியதன்று. அவ்வேளை வெயில் மின்சாரம் மிகுந்து, அதிர்ச்சியைத் தன் சுழற்சியின் கனத்தால் ஏற்கும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்திற் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு புறம் வெயிலை வீணாக்குகின்றோம். மறுபுறம், இரவு பத்தரை மணிக்குப் பின் கட்டணம் குறைவென்பதால் கார்கள் நிலக்கரி மின்சாரத்தை உண்கின்றன. இரவுக் கட்டணச் சலுகை, இரவில் மின்சாரம் மிஞ்சிய காலத்துக்கு ஏற்றது. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பகலில் நிற்கும் கார்கள் நண்பகலில் மின்னேற்றக் கூடியதாய் ஒரு மலிவுக் கட்டணம் வகுத்தால், துறைமுகத்தில் ஒரு ரூபாவும் விட்டுக்கொடாமலே காரின் புகையைப் பாதியாக்கலாம்.

இதனை நம் நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் சிரித்தார். கல்லூரியில் நம்மோடு படித்து, ஆசிரியத் தொழில் புரிந்து இளைப்பாறியவர். 2016இல் அவர் சேமிப்பையெல்லாம் திரட்டி, முந்திய ஆண்டு யப்பானிலிருந்து வந்த லீஃப் ஒன்றை வாங்கினார். அதன் மின்கலத் தொகுதி 24 கிலோவாற்று மணி கொள்வது. அதன் நலத்தைக் காட்ட முகப்பிற் பன்னிரண்டு சிறு கோடுகள் உண்டு. வாங்கியபோது பதினொன்று ஒளிர்ந்தன. கொக்குவிலிலிருந்து பருத்தித்துறைப் பக்கத்துப் பாடசாலைக்குச் சென்று திரும்ப, அறுபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம், ஒரே மின்னேற்றம் போதுமாயிருந்தது. நாலாம் ஆண்டில் பாடசாலையில் மின்னேற்றாமல் திரும்பமுடியாத நிலை. இன்று ஆறு கோடுகளே எஞ்சியுள்ளன. சுன்னாகச் சந்தைக்கும் நல்லூர்க் கோயிலுக்கும் போய் வருகின்றார்.

குற்றம் அவருடையதன்று. அம்முதற்றலைமுறைக் காரின் மின்கலத் தொகுதிக்குத் திரவத்தாற் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. யப்பானின் குளிர்கால இளைப்பாறல் அதற்கு இங்கே கிட்டவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் ஓடிவந்த சூட்டோடு நண்பகலில் மின்னேற்றினால் அது இன்னும் விரைவில் நலியும். "நாட்டுக்கு நண்பகல் நல்லது, என் காருக்கு நள்ளிரவு நல்லது. நான் எதைப் பார்ப்பது?" என்று அவர் கேட்டபோது நம் திட்டத்தின் ஓட்டை நமக்கே தெரிந்தது. இப்போது வருங் கார்களிற் பலவற்றின் மின்கலங்கள் திரவத்தாற் குளிர்விக்கப்படுபவை. வெப்பத்தை மேலாகத் தாங்கும் இலிதியம்-இரும்புப் பொசுபேற்று வகையின. அவற்றுக்கு நண்பகல் மின்னேற்றம் அவ்வளவு துன்பஞ் செய்யாது. ஆனால் 2015இல் வந்த ஆயிரக்கணக்கான கார்களுக்கு? அன்று நமது விதி காரின் வயதைக் கேட்டது. மின்கலத்தின் வலுவைக் கேட்கவில்லை. துறைமுகத்தில் அக்கோடுகளை எண்ணிப் பார்த்து, ஒன்பதுக்குக் குறைந்ததை ஏற்கோம் என்று ஒரு வரி விதியில் இருந்திருந்தால், களைத்த மின்கலங்கள் பல யப்பானிலேயே நின்றிருக்கும். மின்சாரக் காரின் விலையிற் பெரும்பகுதி மின்கலமே. அதனை அளக்காமல் மற்றெல்லாவற்றையும் அளந்தோம்.

நண்பர் சென்ற ஆண்டு கொழும்பிலே தொழில்நுட்பவியலாளர் ஒருவரைப் பிடித்து, பழுதான சில கலங்களை மாற்றுவித்தார். கழற்றிய கலங்களை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீங்களே கொண்டுபோங்கோ, இங்கே வைக்க இடமில்லை" என்றாராம். அவை இப்போது கொக்குவிலில், நண்பரின் தந்தையார் காலத்து ஒஸ்ரின் ஏ 40 நிற்கும் அதே கொட்டகையில், ஒரு சாக்கின்மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏ 40 இன்றும் இயங்கும். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டு வருவாருண்டு. கலங்களை யாரிடம் ஒப்படைப்பதென்று அவர் நம்மைக் கேட்டார். இறக்குமதி அட்டவணையின் பக்கங்கள் முழுவதையும் புரட்டிப் பார்த்தோம். உள்ளே வருவதற்குரிய விதிகளே அங்கு இருந்தன.